தனிக்கொட்டடிகளில் பிறந்த கூட்டு முடிவு
(அந்தமான் மரைன் ஹில்லில் நடைபெற்ற கட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எந்தத் தலைப்பில் பேச வேண்டும் என்று நான் கேட்டபோது, இங்குள்ள கிளைச் செயலாளர் ஒருவர் தலைப்புக்குப் பதிலாக ஒரு கேள்வியைத் தந்தார். நெருக்கடி வரும்போது சில கிளைகள் உடைந்துபோகின்றன. சில கிளைகள் முன்பைவிட இறுகி நிற்கின்றன. இரண்டிலும் இருப்பவர்கள் ஒரே மாதிரியான உழைப்பாளிகள்தாம். ஒரே கட்சித் திட்டத்தைப் படித்தவர்கள்தாம். அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்டார்.

பெரிய நிறுவனங்களும் இதே கேள்விக்கு விடை தேடுகின்றன. பயிற்சியாளர்களுக்குப் பணம் கொடுத்து அழைத்து வருகிறார்கள். ஊழியர்களைக் கடற்கரை விடுதிகளுக்குக் கூட்டிச் சென்று கயிறு இழுக்க வைக்கிறார்கள். ‘நமது விழுமியங்கள்’ என்று அச்சடித்து அலுவலகச் சுவரில் மாட்டுகிறார்கள். அந்த விழுமியங்களை யார் கூடி முடிவு செய்தார்கள் என்ற கேள்வி மட்டும் அங்கே எழுவதில்லை. ஆட்குறைப்பு அறிவிப்பு வரும் நாளில் அந்தச் சுவர்த்தாளால் எவருக்கும் பயன் இருப்பதில்லை. ஆனால் கேள்வி உண்மையான கேள்விதான். அதற்கு விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்த மேட்டிலிருந்து இறங்கி அபர்தீன் பஜார் பக்கமாகச் சென்றால் அட்லாண்டா முனை. அங்கே செல்லுலார் சிறை. உறவினர்கள் ஊரிலிருந்து வந்தால் அவர்களை அழைத்துச் சென்று காட்டுகிறோம். மாலையில் ஒலி-ஒளிக் காட்சி பார்க்கிறோம். அங்கே 1933லும் 1937லும் நடந்த இரண்டு உண்ணாவிரதப் போராட்டங்களை, அமைப்பு வேலை செய்கிறவர்களின் கண் கொண்டு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொள்ளும் பொருள்.

முதலில் கட்டடத்தைப் பாருங்கள். 1896இல் தொடங்கி 1906இல் முடிக்கப்பட்ட கட்டடம் அது. நடுவில் காவல் கோபுரம்; அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள்போல ஏழு பிரிவுகள். இன்று மூன்றுதான் எஞ்சியிருக்கின்றன. ஒரு பிரிவின் முகப்பு அடுத்த பிரிவின் முதுகைப் பார்த்தபடி அமைந்திருக்கிறது. ஒரு கைதி கம்பிக் கதவருகே நின்றால் எதிரே தெரிவது சுவர். இன்னொரு மனித முகம் தெரியாது. ஏறத்தாழ 700 கொட்டடிகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒருவர். சாட்டையையும் செக்கையும் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அவற்றைவிட முக்கியமானது இந்த வரைபடம் என்று நான் கருதுகிறேன். ஒன்றுசேர்ந்தவர்களைத் தனித்தனி ஆட்களாக்குவது எப்படி என்பதை ஏகாதிபத்தியம் செங்கல்லால் எழுதி வைத்த இடம் அது.

அந்த வரைபடம் முதல் தலைமுறையிடம் வேலை செய்தது. 1909 முதல் 1921 வரை இங்கே கொண்டுவரப்பட்ட அரசியல் கைதிகளின் வீரத்தில் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. மாடு இழுக்க வேண்டிய செக்கை இழுத்து நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டித் தர வேண்டும் என்ற நிபந்தனையின் கீழ் வாழ்ந்தவர்கள் அவர்கள். 1912இல் இந்துபூஷண் ராய் தம் கொட்டடியில் தூக்கிட்டு இறந்தார். உல்லாஸ்கர் தத் சித்திரவதையில் மனநிலை குலைந்து, இறுதியில் சென்னை மனநோய் விடுதிக்கு அனுப்பப்பட்டார். வேலைமறுப்பும் உண்ணாவிரதமும் அப்போதும் நடந்தன. ஆனால் எல்லோருக்கும் பொதுவான கோரிக்கைப் பட்டியலோ, யார் பேசுவது, எதை ஏற்பது, எதை ஏற்கக் கூடாது என்ற உடன்பாடோ உருவாகவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் மன உறுதியை மட்டுமே நம்பி நிற்க வேண்டியிருந்தது. அத்தகைய நிலையில் ஒருவர் மனம் நொறுங்குகிறார். இன்னொருவர் தனியாக மனு எழுதுகிறார். 1911 ஜூலையில் இங்கு வந்த சாவர்க்கர், அதே ஆண்டிலேயே முதல் கருணை மனுவை அனுப்பிவிட்டார். அதன்பின் வேறு மனுக்களும் சென்றன. இங்கே விமானத்தில் வந்து இறங்குபவர் ஒவ்வொருவரும் முதலில் படிக்கும் பெயர் அவருடையது. மகாவீர் சிங்கின் பெயரை அவர்கள் தேடித்தான் படிக்க வேண்டும்.

அந்த மகாவீர் சிங்கிடம் வருகிறேன். 1921க்குப் பிறகு நிறுத்தப்பட்டிருந்த அரசியல் நாடுகடத்தல் 1932இல் மீண்டும் தொடங்கியது. சிட்டகாங் ஆயுதக் கிடங்குத் தாக்குதலில் தண்டிக்கப்பட்டவர்கள், வங்காளத்தின் பல சதி வழக்குகளில் சிக்கியவர்கள், லாகூர் சதி வழக்கில் பகத்சிங்கின் உடன்குற்றவாளிகளாகத் தண்டிக்கப்பட்டவர்கள் எனப் பலரும் ‘மகாராஜா’ கப்பலில் வந்து இறங்கினர். லாகூர் வழக்குத் தோழர்களில் சிலர் அதற்கு முன் நமது சென்னை மாகாணச் சிறைகளில் பிரித்துப் பிரித்து அடைக்கப்பட்டிருந்தார்கள். மகாவீர் சிங் பெல்லாரிச் சிறையிலிருந்து வந்தவர்.

இவர்கள் ஒரே அமைப்பினர் அல்லர் என்பதை மறந்துவிடக் கூடாது. அனுசீலன் சமிதியினரும் யுகாந்தர் குழுவினரும் வெளியே பல ஆண்டுகள் ஒருவரையொருவர் நம்பாமல் இருந்தவர்கள். சிட்டகாங் தோழர்களுக்குத் தங்கள் படைக் கட்டுப்பாட்டின் மீது தனிப் பெருமிதம். இந்துஸ்தான் சோசலிஸ்ட் ரிபப்ளிகன் அசோசியேஷன் தோழர்கள் வேறு மாகாணத்தினர், வேறு மொழியினர். இத்தனை பேரும் 1933 மே 12 அன்று ஒரே முடிவின்படி உணவை மறுக்கத் தொடங்கினார்கள்.

கோரிக்கைகளைக் கேட்டால் இன்றைய இளைஞருக்கு வியப்பாக இருக்கும். உண்ணத்தக்க உணவு, குளிக்கச் சோப்பு, படுக்க ஏற்பாடு, இரவில் கொட்டடியில் விளக்கு, படிக்கப் புத்தகமும் பத்திரிகையும். ‘ஏகாதிபத்தியம் ஒழிக’ என்று முழங்கியவர்கள் சோப்புக்காகவா உயிரைப் பணயம் வைத்தார்கள்? ஆம், வைத்தார்கள். அந்தப் பட்டியலில் அனுசீலன்காரர் ஏற்க முடியாத, யுகாந்தர்காரர் மறுக்கக்கூடிய ஒன்றுகூட இல்லை. ஒருவருக்கு மட்டும் தந்து மற்றவரைப் பிரிக்கக்கூடிய கோரிக்கையும் இல்லை. அவர்களிடையே கருத்து வேறுபாடு தீர்ந்துவிடவில்லை. அதைத் தீர்க்கும் வரை காத்திருக்கவும் இல்லை.

இன்னொன்றும் அவர்களிடம் இருந்தது. 1929இல் லாகூரில் நடந்த உண்ணாவிரதத்தின் அனுபவம். 63 நாள் பட்டினி கிடந்து செப்டம்பர் 13 அன்று உயிர்நீத்த ஜதீன் தாஸ், அந்தப் போராட்டம் தொடங்குமுன் தோழர்களை எச்சரித்ததாக அஜய் கோஷ் பின்னாளில் எழுதினார். உணர்ச்சி வேகத்தில் இறங்காதீர்கள், தொடங்கிவிட்டுப் பின்வாங்குவது தொடங்காமல் இருப்பதைவிடக் கேடு என்பது அந்த எச்சரிக்கையின் சாரம். தயங்கியவர் என்று தோன்றிய அவர்தான் கடைசிவரை போனார். முடிவெடுக்கும் முன்பு எல்லா ஐயங்களையும் வெளிப்படையாகச் சொல்வது, முடிவெடுத்த பின்பு அதில் நிற்பது என்று நாம் வகுப்புகளில் ஜனநாயக மத்தியத்துவத்தை விளக்குகிறோமே, அதை வரையறையாகப் படிப்பதற்கு முன்பே அந்த இளைஞர்கள் வாழ்ந்து காட்டியிருந்தார்கள்.

1933இல் நிர்வாகம் வலுக்கட்டாயமாக உணவூட்டத் தொடங்கியது. பலர் பிடித்து அழுத்த, மூக்கு வழியே குழாய் செருகிப் பாலை ஊற்றினார்கள். மகாவீர் சிங் எதிர்த்துப் போராடினார். பால் நுரையீரலுக்குள் சென்றது. மே 17 அன்று, போராட்டம் தொடங்கிய ஆறாம் நாளில், அவர் இறந்தார். மே 26 அன்று மோகன் கிஷோர் நாமதாஸும் மே 28 அன்று மோகித் மொய்த்ராவும் அவ்வாறே மாண்டனர். உடல்களில் கல்லைக் கட்டி இருளில் கடலில் எறிந்துவிட்டார்கள். நாம் தினமும் பார்க்கும் கடல்தான் அது. சிறைக்கு எதிரே உள்ள பூங்காவில் அந்த மூவருக்கும் சிலை இருக்கிறது.

போராட்டத்தை முறியடிக்கப் பஞ்சாபிலிருந்து பார்க்கர் என்ற அதிகாரி வரவழைக்கப்பட்டார். கொட்டடிகளில் குடிநீரை நிறுத்திவிட்டுப் பானைகளில் பாலை நிரப்பி வைத்தார்கள் என்று அங்கிருந்தவர்களின் நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. இந்தத் தந்திரத்தைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். அடியைத் தாங்குவதற்கு ஒருவர் ஆயத்தமாக இருக்கலாம். தாகத்தில் நாக்கு வறளும்போது பக்கத்திலேயே பால் பானை. பார்ப்பவர் யாரும் இல்லை. குடித்தால் யாருக்கும் தெரியாது. அடுத்த கொட்டடிக்காரர் குடித்துவிட்டாரா இல்லையா என்பதும் தெரியாது. ‘அவர் ஒருவேளை குடித்திருப்பார்’ என்ற ஐயம் ஒன்றே போதும், போராட்டம் சரிந்துவிடும். சுவருக்கு அப்பால் இருப்பவர் குடித்திருக்கமாட்டார் என்று ஒவ்வொருவரும் நம்பியதால் அது சரியவில்லை. பல வாரங்கள் பேசி, எதிர்வாதம் செய்து, ‘உன்னால் முடியாது என்றால் இப்போதே சொல், இழுக்கில்லை’ என்று கேட்டு, அதற்குப் பிறகு ஏற்ற முடிவின் மீதுதான் அப்படிப்பட்ட நம்பிக்கை வைக்க முடியும். போராட்டம் 46 நாள் நீடித்தது. ஜூன் 26 அன்று முடிந்தபோது விளக்கு வந்தது, புத்தகங்கள் வந்தன.

சோப்பும் விளக்கும் சிறிய கோரிக்கை என்று நினைத்தவர்களுக்கு அடுத்த நான்காண்டு விடை சொல்கிறது. அந்த விளக்கொளியில்தான் அவர்கள் மார்க்சியம் படித்தார்கள். டாக்டர் நாராயண் ராய் போன்றவர்கள் வகுப்பு எடுத்தார்கள். வரலாறு, பொருளாதாரம், அறிவியல், தத்துவம் என்று பாடங்கள் விரிந்தன. செல்லுலார் சிறை ஒரு பல்கலைக்கழகமாயிற்று என்று அங்கிருந்தவர்கள் பின்னர் பெருமையுடன் எழுதினார்கள். 1935இல் ‘கம்யூனிஸ்ட் கன்சாலிடேஷன்’ என்ற பெயரில் சிறைக்குள்ளேயே அமைப்பு உருவானது. ஹரே கிருஷ்ண கோனாருக்கு அப்போது இருபது வயது நிறையவில்லை. அதே அமைப்பில் சதீஷ் பக்ராஷி நாற்பதைக் கடந்த, வங்கப் புரட்சி இயக்கத்தின் மூத்த தலைமுறைக்காரர். சிவ வர்மா, பிஜய் குமார் சின்ஹா, படுகேஸ்வர் தத், நிரஞ்சன் சென்குப்தா ஆகியோரும் இருந்தனர். கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். மே தினம் கொண்டாடினார்கள். தனிநபர் பயங்கரவாதப் பாதையைக் கைவிடுவது குறித்து நீண்ட விவாதம் நடந்தது. தாம் உயிரைக் கொடுக்கத் துணிந்த பாதையைத் தாமே தவறு என்று கூறுவது எளிதான சுயவிமர்சனம் அன்று. அண்ணனைப்போல் மதித்த பழைய தலைவரிடமிருந்து முறித்துக்கொள்ள வேண்டியிருந்த இளைஞர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள்.

இந்த இடத்தில்தான் நமக்கு மிகவும் தேவையான பாடம் இருப்பதாக நினைக்கிறேன். கன்சாலிடேஷனில் சேர வேண்டுமானால் மார்க்சியக் கண்ணோட்டத்தை ஏற்க வேண்டும். ஆனால் சிறைப் போராட்டத்தில் சேர அது தேவையில்லை. கம்யூனிஸ்ட் ஆகாதவர்கள் சிறையில் தொடர்ந்து இருந்தார்கள். 1937 போராட்டத்தில் அவர்களும் பங்கேற்றார்கள். ஒரு வட்டத்துக்குள் கொள்கை ஒற்றுமை. அதைவிடப் பெரிய இன்னொரு வட்டத்துக்குள் கோரிக்கை ஒற்றுமை. இரண்டையும் அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை. நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம். தொழிற்சங்கக் கூட்டத்தில் கட்சி வகுப்பு எடுக்கிறோம். கட்சிக் கிளையில் கோரிக்கை மனு மட்டும் பேசுகிறோம். விளைவு என்னவென்றால் சங்கம் சுருங்குகிறது, கிளை மழுங்குகிறது.

1937க்கு வருகிறேன். மாகாணத் தேர்தல் முடிந்து ஜூலையில் பல மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவியேற்றன. அரசியல் கைதிகள் விடுதலை நாடெங்கும் பேசப்படும் கோரிக்கையாக இருந்தது. அந்த நேரத்தைத்தான் அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் வைஸ்ராய்க்கு மனு. பதில் இல்லாத நிலையில் ஜூலை 24 அன்று உண்ணாவிரதம். இம்முறை ஏறத்தாழ 200 பேர். கோரிக்கைகளும் வளர்ந்திருந்தன: நாட்டிலுள்ள அரசியல் கைதிகள் அனைவரையும் விடுதலை செய்ய வேண்டும், அந்தமானில் இருப்போரைத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், விடுதலை வரை எல்லா அரசியல் கைதிகளையும் ஒரே வகுப்பில் வைக்க வேண்டும். 1933இல் தங்களுக்காகக் கேட்டவர்கள், 1937இல் தாங்கள் பார்த்தேயிராத சிறைகளில் இருப்பவர்களுக்காகவும் கேட்டார்கள். வங்காளச் சிறைகளிலும் தேவ்லி முகாமிலும் இருந்தவர்கள் ஆதரவாக உண்ணாவிரதத்தில் இறங்கினர். ஆகஸ்ட் 2 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் தாகூர் தலைமையில் பெருங்கூட்டம் நடந்தது. மாணவர்களும் தொழிலாளர்களும் தெருவுக்கு வந்தார்கள்.

ஒரு போராட்டத்தை நிறுத்துவது, அதைத் தொடங்குவதைவிடக் கடினம். இது என் சொந்த அனுபவமும்கூட. நிறுத்தும் கணத்தில்தான் ‘விற்றுவிட்டார்கள்’ என்ற சொல் பிறக்கிறது. காந்தியும் காங்கிரஸ் தலைவர்களும் தாகூரும் தந்தி மூலம் வேண்டினார்கள். கோரிக்கை முழுமையாக ஏற்கப்படவில்லை. 36 நாட்களுக்குப் பிறகு, ஆகஸ்ட் 28 அன்று, போராட்டத்தை நிறுத்திவைப்பதாக முடிவு செய்தார்கள். காந்திக்கு அனுப்பிய பதிலில், தங்களில் பயங்கரவாதத்தில் நம்பிக்கை கொண்டிருந்தவர்கள் இப்போது அதில் நம்பிக்கை இழந்துவிட்டார்கள் என்று தெரிவித்தார்கள். இதை ஒரு தனிமனிதர் தம் விடுதலைக்காக எழுதும் மனுவோடு ஒப்பிடக் கூடாது. முந்தைய ஆண்டுகளின் விவாதத்தில் அவர்கள் உண்மையாகவே வந்தடைந்த முடிவு அது. எல்லோருக்குமாக, எல்லோரும் அறிய, தலைநிமிர்ந்து சொன்னார்கள். 1938 ஜனவரிக்குள் அரசியல் கைதிகள் அனைவரும் இங்கிருந்து கப்பலேறிவிட்டனர். விடுதலை மட்டும் உடனே கிடைத்துவிடவில்லை. சிட்டகாங் வீரர் கணேஷ் கோஷ் தாயகச் சிறைகளில் மேலும் பல ஆண்டுகள் கழித்து 1946இல்தான் வெளியே வந்தார். அதை மறைத்து முழு வெற்றி என்று பேசுவது நமது வழக்கமாகிவிடக் கூடாது. அவர்களில் மிகப் பலர் கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்தார்கள். கோனார் விவசாயிகள் சங்கத் தலைவராகி, 1967இலும் 1969இலும் மேற்கு வங்க ஐக்கிய முன்னணி அரசில் நிலச் சீர்திருத்தத் துறையை ஏற்று, மறைத்துவைக்கப்பட்ட உச்சவரம்பு மிகை நிலத்தை விவசாயிகளைத் திரட்டியே கண்டெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதிகாரிகளின் பதிவேட்டைவிடத் திரண்டு நிற்கும் மக்களின் அறிவு மேல் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. அந்த நம்பிக்கையின் முதல் பாடங்களை அவர் இந்தத் தீவில்தான் படித்திருப்பார் என்று நான் எண்ணுகிறேன்.

இனி நம்மைப் பற்றி. நான் பங்கேற்ற ஒரு வேலைநிறுத்தத்தைச் சொல்கிறேன். இடம், நிறுவனம் வேண்டாம். முதல் இரண்டு நாள் ஒருவர்கூட வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் ஒப்பந்ததாரர் நான்கு பேரை மட்டும் தனித்தனியாகக் கூப்பிட்டனுப்பினார். தேநீர் கொடுத்தார், குழந்தைகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார், ‘உனக்கு மட்டும் நிரந்தரம் செய்து தருகிறேன்’ என்றார். நால்வரும் எதற்கும் உடன்படவில்லை. ஆனால் போனதை எங்களிடம் சொல்லவும் இல்லை. செய்தி வேறு வழியாக வந்தது. அடுத்த இரண்டு நாள் நிர்வாகத்தோடு போராட வேண்டிய நாங்கள், அந்த நால்வரும் துரோகிகளா இல்லையா என்று எங்களுக்குள் போராடினோம். ஐந்தாம் நாள் பாதிப் பேர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

அந்த நால்வர் மீது தவறில்லை. அழைத்தால் போகலாமா, போனால் என்ன பேசலாம், வந்தவுடன் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை நாங்கள் முன்கூட்டியே பேசி வைக்கவில்லை. பால் பானை வரும் என்று எதிர்பார்க்கவில்லை. செயலாளராக இருந்த நான்தான் அந்தக் கேள்வியை எழுப்பியிருக்க வேண்டும். ‘நம் ஆட்கள் அப்படிப் போகமாட்டார்கள்’ என்ற பெருமிதப் பேச்சால் அதைத் தள்ளிவிட்டேன். அந்த நால்வரில் ஒருவர் இன்றுவரை எந்தச் சங்கத்திலும் இல்லை. அவர் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். மரியாதையாக உட்காரவைத்தார், பழைய பேச்சை மட்டும் எடுக்கவிடவில்லை.

இங்கே பொதுப்பணித் துறையிலும் மற்றத் துறைகளிலும் பல ஆண்டுகளாகத் தினக்கூலி மஸ்தூர்களாக உழைக்கும் தோழர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். உயர்த்தப்பட்ட ஊதியத்துக்காகச் சங்கம் வழக்காடி, உத்தரவு பெற்று, அந்த உத்தரவு நிறைவேற்றப்படாத நிலையில் 2023 ஆகஸ்ட் 3 அன்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் இங்குள்ள அமர்வு தலைமைச் செயலாளரையே இடைநீக்கம் செய்யவும், துணைநிலை ஆளுநருக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கவும் உத்தரவிட்டது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஒரு நாள் மகிழ்ச்சி, மறுநாள் ஏமாற்றம். நீதிமன்றத் தீர்ப்பின் ஏற்ற இறக்கத்தோடு நமது கட்டுக்கோப்பும் ஏறி இறங்குமானால் நீண்ட போராட்டத்தை நடத்த முடியாது. தமிழர், வங்காளி, தெலுங்கர், ராஞ்சியிலிருந்து வந்தோரின் வாரிசுகள் என்று பல மொழி பேசுவோர் ஒரே வேலைத்தலத்தில் நிற்கும் ஊர் இது. ‘உன் ஊர்க்காரனுக்கு மட்டும் தருகிறேன்’ என்று சொல்வது இங்கே நிர்வாகத்துக்கு மிகவும் எளிது. இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, வேலைநிறுத்த உரிமையே முன்னறிவிப்பு நிபந்தனைகளுக்குள் சுருக்கப்பட்டிருக்கிறது. பதினான்கு நாள் அறிவிப்பு என்றால், நம்மை ஒவ்வொருவராகத் தனியே அழைத்துப் பேச நிர்வாகத்துக்குப் பதினான்கு நாள் கிடைக்கிறது என்று பொருள்.

எனவே அடுத்த மாதக் கிளைக் கூட்டங்களுக்கு ஒரே ஒரு பொருளைக் கொண்டுவாருங்கள். நிர்வாகம் தனியாக அழைத்தால் நாம் என்ன செய்வது? இதற்கு மாவட்டக் குழுவின் சுற்றறிக்கை வராது, வரவும் கூடாது. நீங்களே பேசுங்கள். கட்சியில் இல்லாத, ஆனால் உங்களோடு வேலை செய்கிற நான்கைந்து பேரையும், வேறு மொழி பேசுகிறவர்களையும் அதற்கு முன்போ பின்போ சந்தித்து அவர்கள் கருத்தைக் கேளுங்கள். ‘என்னால் இவ்வளவுதான் முடியும், வீட்டில் நிலைமை இப்படி’ என்று ஒரு தோழர் சொன்னால் அதைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதுங்கள். அவருக்கு ஏற்ற பொறுப்பைக் கொடுங்கள். எழுதி முடித்ததைக் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டி, எல்லோரும் கையெழுத்திட்ட பிறகு எனக்கு ஒரு படி அனுப்புங்கள். கேள்விகள் இருந்தால் இப்போதே கேட்கலாம். கடைசிப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது.